என் பேரைச் சொன்ன குரல்

மலேசியாவில், பெக்கான் நானாஸ் என்ற சிற்றூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அன்னாசித் தோட்டம். அதைத் தாண்டினால் பாரிட் என்று நாங்கள் சொல்லும் அகலமான வடிகால், கறுத்த தண்ணீர். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுத வேண்டிய ஆண்டில், எனக்குப் பதினேழு வயதில், அந்தப் பக்கத்திலிருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பட்டப்பகல். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். முள்ளிலைச் செடிகள் வரிசையாக நின்றன. ஆள் யாரும் இல்லை.

முதலில் பேர் மட்டும்தான். பிறகு நான் செய்வதையெல்லாம் சொல்லத் தொடங்கியது. தட்டைக் கழுவுகிறாள். கதவைப் பூட்டுகிறாள். ஆணா பெண்ணா என்று தெரியாத குரல். அதற்கு எந்த அவசரமும் இல்லாததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

தூக்கம் போயிற்று. அடுத்து சாப்பாடு. அம்மா வைத்த ரசத்தில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினேன். அம்மா என் கண் முன்னாலேயே ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார்.

"பாரு, ஒன்னுமில்ல. குடிம்மா."

அவர் உண்மையிலேயே விழுங்கினாரா என்று அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வேலை செய்த தொழிற்சாலையில் ஒருவர் சொன்னாராம், குளுவாங் பக்கம் குறி சொல்பவர் இருக்கிறார் என்று. அழைத்துப் போனார்கள். அவர் கண்ணை மூடி, விபூதியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஒன்னு இவ கூடவே வந்திருக்கு. லேசுல போவாது."

என் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார். என்ன என்று தெரிந்துவிட்ட நிம்மதி அம்மா முகத்தில் வந்தது. எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. அதுவரை என் மனப்பிரமையாக இருக்கலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது இன்னொருவரும் பார்த்துவிட்டார். அப்படியென்றால் அது இருக்கிறது.

அதற்குப் பிறகு குரல் நான் செய்வதைச் சொல்வதோடு நிற்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

முன்னோட்டத் தேர்வில் வெற்றுத் தாளைக் கொடுத்தேன். வகுப்பாசிரியர் என்னைக் கவுன்சலிங் ஆசிரியையிடம் அனுப்பினார். மேற்படிப்புக்கு வழி கேட்பவர்களும் சண்டை போட்டவர்களும் போகும் அறை என்றுதான் அதை நாங்கள் நினைத்திருந்தோம். அவர் கதவைச் சாத்தினார். நான் அந்தக் கதவையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, எழுந்து போய்த் திறந்து வைத்தார்.

"தூங்குறியாம்மா?"

"இல்ல டீச்சர்."

"யாரும் இல்லாதப்ப குரல் ஏதாச்சும் கேக்குதா?"

இப்படி நேராக யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"உன்னை ஏதாச்சும் செய்யச் சொல்லுதா?"

"பாரிட்டுக்கு வரச் சொல்லுது."

அவர் பதறவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சொன்னியே, அதுவே நல்லது. நீ பேசுற மத்தது எல்லாம் இந்த ரூமோட இருக்கும். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா என்னால மறைக்க முடியாதும்மா. அப்பா அம்மாவைக் கூப்பிடப் போறேன். உனக்குத் தெரியாம எதுவும் பேச மாட்டேன்."

இவரும் எனக்கு எதிராகச் சேர்ந்திருப்பவர்களில் ஒருவர்தான் என்று நினைத்தேன்.

அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். சீருடையோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்களே பேசி சரி பண்ணிட முடியாதா டீச்சர்?"

"நான் டாக்டர் இல்லண்ணே. கேக்கலாம், கூட இருக்கலாம், அவ்வளவுதான். மருந்து வேணுமா இல்லையான்னு மனநல டாக்டர்தான் பாக்கணும். முதல்ல இங்க கவர்மெண்ட் கிளினிக்குக்குப் போங்க, அவங்க ஜே.பி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. இன்னிக்கே போங்க."

"பொம்பளப் புள்ள டீச்சர். வெளிய தெரிஞ்சா எப்படிலா?"

"புள்ள முதல்ல இருக்கட்டும்ண்ணே."

அப்பா எழுந்து, அம்மாவுக்கு அழைத்து நேரே கிளினிக்குக்கு வரச் சொன்னார்.

கிளினிக் மருத்துவர் என்னிடம் கொஞ்சம் பேசிவிட்டு, உடனே ஜே.பி. என்று நாங்கள் சொல்லும் ஜோகூர் பாரு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். அப்பாவின் காரில் ஏறியதும் பின்கதவின் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் கயிறு தோலில் அழுந்தியது. வழியெங்கும் புகைமூட்டம், எங்கோ நிலம் எரிந்துகொண்டிருந்தது. சூரியன் செம்பு நாணயம் போல் தொங்கியது. கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்று குரல் சொன்னது. திரும்பி வரமாட்டாய் என்றது.

மனநல மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மலாயில் மெதுவாகப் பேசினார். டீச்சர் கேட்ட அதே கேள்விகள். எல்லாரும் பேசி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறுதியாயிற்று. வேறு நோயால் இப்படி ஆகிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். வார்டில் சேர்த்தார்கள். மாத்திரையைத் தாதி கொடுத்து, நான் விழுங்கும் வரை நின்றார்.

அம்மா கயிற்றைக் காட்டித் தயங்கித் தயங்கிக் கேட்டார், இதை அறுத்துவிடவா என்று. மருத்துவர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கயிறு இருந்துவிட்டுப் போகட்டும், மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள் என்றார்.

குரல் ஒரேயடியாகப் போய்விடவில்லை. பக்கத்து அறைக்குப் போனதுபோல், பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனதுபோல் மங்கியது. அப்போதுதான் உளவியலாளர் வந்தார், ஓர் இளம் மலாய்க்காரர். நீங்களும் டாக்டரா என்று சந்தேகத்தோடு கேட்டேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை, பயம் வரும்போது நீ என்ன செய்யலாம் என்று உன்னோடு உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை என்றார். யாரோ பின்னால் வருகிறார்கள் என்று தோன்றினால், அதற்கு ஆதாரம் என்ன, வேறு காரணம் என்ன இருக்கலாம் என்று கேட்டுப்பார்க்கப் பழக்கினார்.

டீச்சர், மருத்துவர், உளவியலாளர் எல்லாரும் என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டது உண்மைதான். அது என்னைப் பிழைக்க வைப்பதற்கான பேச்சு என்று நம்ப எனக்குப் பல மாதங்கள் ஆயின.

தேர்வை மறு ஆண்டு எழுதினேன். இப்போது ஜே.பி.யில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மருத்துவரும் நானும் பேசி முடிவெடுத்து, அண்மையில் மாத்திரையின் அளவைக் குறைத்தோம்.

போன வாரம், வாடிக்கையாளர் ஒருவருக்குக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, என் காதருகில் யாரோ மூச்சை இழுத்தார்கள், பேசப் போவதற்கு முன் இழுப்பதுபோல. திரும்பினேன். சுவர்.

வந்தவரை அனுப்பிவிட்டு, மருத்துவமனைக்கு அழைத்தேன். அடுத்த மாதம் இருந்த சந்திப்பை இந்த வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே கைப்பேசியை எடுத்து, வியாழன் வேலைக்கு வரமாட்டேன் என்று தன் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் சொன்னார்.

இன்று செவ்வாய்.