மெதுவான படமும் ரேவதியின் ரகசியமும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்துக்குப் போனோம் — நானும் ரேவதியும். ஆவடி குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது அவள் பட்டாபிராம், நான் திருமுல்லைவாயில்.

படமும் இரண்டு தோழிகளைப் பற்றியதுதான். ரொம்ப அமைதியான படம். ஒருத்தி ஜன்னலைத் திறப்பாள்... இன்னொருத்தி பார்ப்பாள்... பின்னணி இசைகூடக் கிடையாது. அந்த அம்பத்தூர் தியேட்டரில் பாப்கார்னைக் கடிக்கவே கூச்சமாக இருந்தது.

இப்படிப்பட்ட இடத்திலா ரகசியம் சொல்வார்கள்? ரேவதி சொன்னாள்.

"கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்டி."

காதோடு சொன்னதாக அவள் நினைப்பு. முன் வரிசையில் நாலு தலை திரும்பியது.

அவளுக்கு வயது ஐம்பத்து நாலு. கணவர் இறந்து ரொம்ப வருஷமாகிறது. ஒரே மகள் புனேயில். 'மாப்பிள்ளை' யாராம்? தினமும் இவளோடு அதே ரயிலில் சென்ட்ரல் போகிறவர். அவருக்கும் மனைவி இல்லை. மகளிடம் இன்னும் சொல்லவில்லையாம்... முதலில் என்னிடம்தானாம்.

"நீ வேணாம்னு சொல்லு, இதோட விட்டுடறேன்" என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே. கையைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால், உள்ளே எங்கேயோ ஒரு சின்னக் கிள்ளல். பொய் சொல்வானேன்?

"அப்போ நம்ம ஞாயித்துக்கிழமை?"

"அத அவர்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை உனக்குத்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அக்கா, ஓகே சொல்லிடுக்கா. படத்துலதான் ஒண்ணியும் நடக்கல... இங்கயாவது எதனா நடக்கட்டும்."

அவ்வளவுதான். சிரிக்க ஆரம்பித்தவர்களால் நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர், வயிற்றில் வலி. முன் வரிசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். திரையில் அந்த இரண்டு பெண்களும் சோகமாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாவம். நாங்கள் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.

தைரியம் ஆறுவதற்குள் பேசிவிடச் சொல்லி, லாபியிலேயே மகளுக்கு போன் போட வைத்தேன். ரேவதி திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"ஆன்ட்டி என்ன சொன்னாங்க?"

பெண் பார்ப்பது அம்மா அப்பா வேலை. ஐம்பதுக்கு மேல் மாப்பிள்ளை பார்ப்பது? சந்தேகமே வேண்டாம் — தோழியின் வேலை.

வருகிற சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் உண்டு. பாடச் சொல்வதாகவும் இருக்கிறேன்.