குழாயில் துப்பிய மாப்பிள்ளை

பிறர் எச்சிலைக் கெஞ்சிக் கேட்டு வாங்குவதுதான் என் ஆராய்ச்சிப் படிப்பு. குடிக்கு அடிமையாகும் ஆபத்து பரம்பரையாக வருகிறதா என்று அதிலுள்ள மரபணு அடையாளங்களைப் பார்க்கிறோம். வீடு வீடாகக் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

பாதி காது

ஜவ்வாது மலையில் சாமை அடிக்கும் களத்தில் நின்று வாதாடினேன்: "சில மரபணு இருந்தா ஆபத்து கொஞ்சம் கூடலாம். ஆனா மரபணு யாரையும் கடைக்கு இழுத்துட்டுப் போகாது." குடிக்கு அடிமையான கோவிந்தன் காதில் முதல் பாதி மட்டும் ஏறியது. மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கினியா? பட்ச்ச பொண்ணே சொல்லுது. தப்பு எம்மேல இல்ல, எங்கப்பன் மேல!"

குடிக்காதவர் தேவை

ஒப்பிட்டுப் பார்க்க அதே குடும்பத்தில் குடிக்காத ஒருவரும் வேண்டும். கோவிந்தனின் தம்பி ஏழுமலை சொட்டுகூடத் தொடாதவர். ஊர் பார்க்க அவரை எச்சில் பிடிக்கும் சோதனைக் குழாயில் துப்ப வைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஒடுகத்தூர் பஸ் கிளம்புவதற்குள் 'ஏழுமலைக்குக் குடி டெஸ்ட்' என்று பக்கத்து ஊர்வரை பரவிவிட்டது. அவர் பரிசம் போட்டிருந்த பெண்ணின் வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். ஏழுமலை என்னைத் திட்டக்கூட இல்லை.

"குடிச்சிருந்தா கூட பொண்ணு குட்த்திருப்பாங்க மேடம். துப்புனதுதான் தப்பாப் போச்சு."

மாமனார் கட்சி

விடுவேனா? பெண் வீட்டுக்கே போனேன். பெண்ணின் அப்பா வாசலிலேயே மணத்தார். ஏழுமலை குடிக்காதவர் என்பதால்தான் அவரிடம் எச்சில் எடுத்தோம் என்றேன். "குடிக்காதவனுக்கு இன்னாத்துக்கு டெஸ்டு?" என்றார். "அப்ப நீங்க ஒரு தடவை துப்புங்களேன்" என்று குழாயை நீட்டினேன். இரண்டடி பின்வாங்கினார்.

"எனக்கு இருந்தா எம் பொண்ணுக்கும் இருக்கும்பானுங்க. அப்பால அவள எவன் கட்டுவான்?"

இன்னொரு குழாய்

உள்ளே புளி தட்டிக்கொண்டிருந்த பெண், மல்லிகா, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பொம்பளைங்களும் துப்பலாமாக்கா?" விருப்பமிருந்தால் துப்பலாம், யாருடைய முடிவையும் வெளியே சொல்ல மாட்டோம் என்று விதிமுறை முழுவதையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள். குழாயை வாங்கி, நடுத்தெருவில் நின்று, எதிர்வீட்டார் எட்டிப் பார்க்கும்வரை காத்திருந்து துப்பினாள். மூடியைத் திருகி என் கையில் கொடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"இனிமே என்னிய எவனும் கட்டமாட்டான் இல்ல? அவுருக்கே ஃபோன் போடு, நைனா."

எங்கள் ஆய்வகத்தின் முடிவு வர மாதக்கணக்காகும். ஊரின் முடிவோ குழாய்க்கு மூடி போடுவதற்குள் வந்துவிடுகிறது.