கிடை போட்ட மூலையில் எடுத்த மண்

1. திருத்தணி பக்கம் எங்கள் ஒரு ஏக்கரில் வேர்க்கடலை சரியாகக் காய்க்கவில்லை.
2. வேளாண்மை படித்த நான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன்.
3. சத்து போதுமென்று முடிவு வந்தது.
4. அதை நம்பி எரு போடவில்லை. அடுத்த போகமும் பயிர் மஞ்சளித்தது.

நிலத்தை மனைக்கு விற்றுவிட நைனா தரகரை வரச் சொன்னார். அப்போதுதான் அம்மா, "எங்கடி மண் எடுத்தே?" என்றார்.

கிணற்றோர மூலையைக் காட்டினேன்.

"அங்கதான் போன வருஷம் ஆட்டுக்கிடை போட்டுகினு இருந்தாங்க! புழுக்கைய குடுத்து, நிலம் நல்லாகீதுன்னு எழுதி வாங்கினு வந்தியா?"

நைனா சிரித்துவிட்டார். தரகரை ஒரு போகம் பொறுக்கச் சொன்னார்.

இப்போது வயலில் பத்து இடங்களில் மண்ணெடுத்துக் கலந்துதான் அனுப்புகிறேன். புதிய முடிவில் கரிமச்சத்து மிகக் குறைவு. பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதோம். கடலை விதைத்திருக்கிறோம், இன்னும் காய் பிடிக்கவில்லை.