கிள்ளாத கறிவேப்பிலை

கரமனையில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை. பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. உள்ளே வெளிச்சம் வருவது நடு முற்றம் வழியாகத்தான். மனைவி போன பிறகு நான் செய்த முதல் காரியம், அந்த முற்றத்தைத் தகரம் போட்டு மூடியது. இந்த ஊரில் மழை நினைத்தபோதெல்லாம் பெய்யும். தண்ணீரைத் தள்ள அவள் இல்லை, எனக்குப் பொறுமை இல்லை.

முற்றத்து மூலையில் அவள் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலை. என்னைத் தவிர்த்தால், அவள் கைபட்ட உயிர் என்று வீட்டில் மிச்சம் அது ஒன்றுதான். தவறாமல் தண்ணீர் விட்டேன். சில மாதங்களில் என் தோளுக்கு வந்துவிட்டது. பெருமை தாங்காமல் மகளுக்கு வீடியோவில் காட்டினேன். அவள் வெளியூரில் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள்.

"உங்கம்மா காலத்துல இடுப்பைத் தாண்டித்தா இது?"

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, இது செழிப்பு இல்லையாக்கும். வெளிச்சம் போறாம, அதைத் தேடிண்டு நீள்றது. தண்டு ஈர்க்கு மாதிரி இருக்கு, இலையெல்லாம் வெளுத்துடுத்து. இப்படியே விட்டா சாஞ்சுடும்."

"கிளையே விடலையே, அதுக்கும் வெளிச்சம்தானா?"

"அது வேற. நுனியில ஒரு ஹார்மோன் ஊறும். கீழ இறங்கி, பக்கத்து மொட்டை எழும்ப விடாது. அம்மா தினம் தாளிக்க நுனியைக் கிள்ளுவா, அதான் புதர் மாதிரி இருந்தது. இப்போ யாரு கிள்றா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன்.

யாரும் கிள்ளவில்லை என்பது உண்மை. அடுப்பில் காபி தவிர வேறெதுவும் நடப்பதில்லை. மத்தியானம் பஸ் ஏறித் தம்பானூரில் ஓட்டல் சாப்பாடு. போய்வந்தால் பொழுதும் கழியும், நாலு முகத்தையும் பார்க்கலாம். வீட்டுக்குள் நுழைந்தால் பேச ஆள் கிடையாது. அந்தச் செடியும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது.

ஆள் வைத்துத் தகரத்தைக் கழற்றினேன். அன்றே மழை. திட்டிக்கொண்டே தண்ணீரைத் தள்ளினேன். மறுநாள் முற்றத்தில் வெயில் விழுந்தது. பிறகு நுனியைக் கிள்ளினேன். கையில் கொழுந்து, தூக்கிப் போட மனம் வரவில்லை. புளி இருக்கும் டப்பாவைத் தேடவே நேரம் பிடித்தது. ரசம் வைத்தேன். உப்பு கரித்தது. தாளித்த மணம் கூடத்துக்கு வந்ததும் உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு பெரும்பாலும் வீட்டில்தான் சமையல். ஒருநாள் காலை, கிள்ளிய இடத்துக்குக் கீழே பச்சையாக இரண்டு முளைகள். மகளுக்குக் காட்டினேன்.

"நன்னா வர்றது. விடாம கிள்ளிண்டே இருக்கணும், கேட்டேளா?" என்றாள். பிறகு, "இன்னிக்கு என்ன சமையல்?"

என் மனைவியிடம் நான் தினம் கேட்ட கேள்வி அது. அடுக்களையிலிருந்து குரல் வரும். பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பதில் சொல்லவேண்டியது நான்தான் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.