சைக்கிளுக்கு வயசு சொன்னவன்

சைக்கிள் கடைக்கு நன்றாக ஓடுகிற சைக்கிள் வராது. ஓடாத சைக்கிளும் வாய் ஓயாத ஆளும்தான் ஜோடியாக வருவார்கள். ரேடியோ ரிப்பேர், கடிகார ரிப்பேர், தையல் என்று எதை வைத்துப் பிழைத்தவராக இருந்தாலும் உங்களுக்கும் இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும். நம்மிடம் வருகிறவர்கள் சாமானை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. அதன் பூர்வீகத்தையும் பாட்டன் முப்பாட்டனிலிருந்து சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

எனக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. பஞ்சர், கோட்டம், ஓவராயில் எல்லாக் கடையிலும் உண்டு. என் கடையில் கூடுதலாக ஒன்று உண்டு. பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டால், எந்த நாட்டுச் சரக்கு, எந்த மாடல், எந்த வருஷம் என்று சொல்லிவிடுவேன். யாரும் கேட்கவே வேண்டாம், நானே சொல்வேன். அதுதான் என் வியாதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்த காலத்தில் இந்த வியாதி முற்றிப்போய், கல்வராயன் மலைக்காரர் ஒருவருடைய சைக்கிள் என் வாயாலேயே பறிபோகப் பார்த்தது. அந்த இடத்துக்கு வருவதற்குமுன் வியாதி எப்படி முற்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பரணிலிருந்து இறங்கினவை

மறியல் தொடங்கின வாரம் ஒரு பஸ்கூட ஓடவில்லை. சேலம் ரோட்டிலும் சங்கராபுரம் ரோட்டிலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்க முடிந்தது சைக்கிளை மட்டும்தான். பரண், மாட்டுக்கொட்டகை, கிணற்று மோட்டார் ரூம் என்று வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்த சைக்கிளெல்லாம் என் கடைக்கு வந்து நின்றன. எனக்கோ ஒரே கொண்டாட்டம். இத்தனை பழைய சைக்கிளை ஒரே இடத்தில் அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

நைனார்பாளையத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட சைக்கிளாம், அசல் இங்கிலாந்துச் சரக்காம், புத்தம் புதுசாக வாங்கிக் கொடுத்தாராம். சீட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி நம்பரைப் பார்த்தேன். இங்கிலாந்தாவது ஒண்ணாவது, நம்ம நாட்டிலேயே செய்தது. அதுவும் அவர் கல்யாணத்துக்கு ஆறு வருஷம் முந்தின மாடல். யாரோ ஓட்டிக் கழித்ததை மாமனார் வாங்கிப் பெயிண்ட் அடித்துத் தள்ளிவிட்டிருக்கிறார் என்று நாலு பேருக்கு நடுவில் விளக்கமாகச் சொன்னேன். வாத்தியாருக்குப் பின்னால் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அந்தம்மா முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு வாத்தியார் என் காதருகே குனிந்து சொன்னார்:

"இவளப் பின்னாடி ஒக்கார வச்சிக்கினு நான் பதினஞ்சு மைல் போவணும். வருஷத்த நீங்களே வச்சிக்கினு, காத்த மட்டும் அடிச்சிக் குடுங்க."

நர்ஸம்மாவின் முதல் சம்பளம்

அடுத்து வந்தவர் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா. ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள், நான் உட்பட. அதனால் யாரையும் அவர் வா போ என்றுதான் கூப்பிடுவார். குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள், செயினுக்கு முழு மூடி, அருமையான சாமான். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் புதுசாக வாங்கியது என்று அவரே பெருமையாகச் சொன்னார். நான் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சைக்கிளுக்கு நாற்பது வயசு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஐம்பத்தெட்டு வயசில் ரிடையர், அதற்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார், அதையும் இதையும் சேர்த்து வாய்விட்டுக் கணக்குப் போட்டேன். பதினாலு வயசிலேயே பிரசவம் பார்க்கப் போயிருக்கிறார் என்று விடை வந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸம்மா என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக் கீழே வைத்தார்.

"கவர்மெண்டே ஒத்துக்கின வயச மாத்தறதுக்கு நீ யாருடா?"

முள்

சின்னசேலம் போகிற வழியில் மரத்துக்குப் பதில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த வழியாக வந்த சைக்கிளெல்லாம் பஞ்சர். எனக்கு இடுப்பு ஒடிந்தது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் நேரிலேயே போய், மறியலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் மரத்தைப் போடுங்கள் சாமி, முள்ளைப் போடாதீர்கள் என்று சண்டை பிடித்தேன். அவர்கள் என்னை உட்காரவைத்து எலுமிச்சம்பழ சாதம் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர்களுடைய சைக்கிள்கள் ஏழெட்டையும் வரிசையாகக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்கள். எல்லாம் பஞ்சர். அவர்களில் பெரியவராக இருந்தவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"நாங்க போட்ட முள்ளு எங்களுக்கு மட்டும் வழி வுடுமா இன்னா?"

சடையனின் ரேஸ் சைக்கிள்

இந்தச் சமயத்தில்தான் சடையன் வந்தார். வெள்ளிமலைக்கும் மேலே, பன்னிரண்டு வீடு இருக்கிற ஒரு சின்ன ஊர் அவருக்கு. மலைக்கு பஸ் ஏறாததால் ஊர்க் கடுக்காயையும் புளியையும் மூட்டை கட்டி சைக்கிளில் கீழே கொண்டுவந்து விற்றுவிட்டு, பன்னிரண்டு வீட்டுக்கும் உப்பு, மண்ணெண்ணெய், அரிசி ஏற்றிக்கொண்டு திரும்புவார். ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டேதான் போக வேண்டும். அந்த ஊருக்கு அந்த மாதம் பஸ்ஸும் லாரியும் அந்த ஒரு சைக்கிள்தான்.

சைக்கிளைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன். கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டைப் பட்டை பட்டையாகப் பூசியிருந்தார். ஆனால் உள்ளே இருப்பது இங்கிலாந்தில் செய்த ரோடு ரேஸ் சைக்கிள். மெல்லிசான ஃபிரேம், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில். அந்த ஹேண்டிலை அவர் மேல்நோக்கித் திருப்பிவைத்து, இரண்டு பக்கமும் மூட்டை தொங்கவிட்டிருந்தார். பின் சக்கரத்துக்கு நடுவில் இருக்கிற குடம், அதாவது ஹப், மூணு கியர் வைத்தது. அந்த மாதிரி ஹப்பில் செய்த வருஷத்தை மேலேயே அடித்திருப்பான். துணியால் துடைத்தேன். ஐம்பத்தொண்ணு.

அப்புறம் என்னை யார் பிடிப்பது? இது இன்ன மாடல், இந்த ஜில்லாவில் இது மாதிரி நாலுகூட இருக்காது என்று அரைமணி நேரம் பேசினேன். சடையன் மூட்டைமேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். முடித்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"அதெல்லாம் செரிண்ணே. எறக்கத்துல பிரேக்கு புடிக்குமா, அதச் சொல்லுங்க."

அயர்ன் பண்ணின சட்டை

அடுத்த வாரம் கச்சிராயபாளையம் ரோட்டில் மறியல் செய்த கூட்டம் போலீஸ் வேனைக் கண்டதும் கலைந்து ஓடியது. நடுவில் மாட்டிக்கொண்ட சடையனும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். கேட்பாரில்லாமல் கிடந்த சைக்கிள்களையெல்லாம் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் அடுக்கி, அடையாளம் சொல்லி வாங்கிப் போகலாம் என்று அறிவித்தார்கள். அடையாளம் சரியா என்று பார்த்துச் சொல்ல ஏட்டய்யா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கொண்டு போனேன். மத்தியானத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாச் சைக்கிளும் உரியவர் கைக்குப் போய்விட்டன.

பாக்கி நின்றது பச்சை சைக்கிள். அதைத் தன்னுடையது என்று கேட்டு இரண்டு பேர். ஒருவர் சடையன். வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போவதற்கு முந்தி, மலையில் சர்வே செய்த துரை ஒருத்தர் சாமான் தூக்கின தன் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது என்றார். இன்னொருவர் சங்கராபுரம் கோதண்டம், அரிசிக்கடைக்காரர், நல்ல மனுஷர். அவருடைய அப்பா பாண்டிச்சேரியில் ஐம்பத்தொண்ணில் வாங்கின மூணு கியர் ரேஸ் சைக்கிள் பத்து வருஷத்துக்கு முன்னால் சந்தையில் திருடு போயிருந்தது. ரசீதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பின் ஹப்பில் மாட்டியிருந்த பித்தளை வளையத்தைக் காட்டினார். அதில் அவர் அப்பா பெயரின் முதல் எழுத்தை ஆசாரி வெட்டியிருந்தார்.

ஏட்டய்யா என்னைப் பார்த்தார். நான் இதற்காகத்தானே சட்டையை அயர்ன் பண்ணினேன்? ஹப்பைத் துடைத்து வருஷத்தை உரக்கப் படித்தேன். எனக்குச் சடையன்மேல் கோபமான கோபம். சைக்கிளைச் செய்ததே ஐம்பத்தொண்ணில், அதற்கு முந்தியே துரை கொடுத்தான் என்றால் பொறக்காத சைக்கிளையா கொடுத்தான் என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். கோதண்டம் ஹேண்டிலில் கை வைத்துவிட்டார்.

சடையன் சிரிக்கவில்லை. ஊரில் பன்னிரண்டு வீட்டிலும் உப்பு தீர்ந்துபோச்சு என்று ஏட்டய்யாவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, மழையில் சறுக்கிப் பழைய சக்கரம் நெளிந்துபோனபோது, அதற்குப் பதிலாக அந்தப் பின் சக்கரத்தை எட்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டிவிட்டதே நீங்கள்தானே என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அன்றைக்குக் கடையில் நான் அரைமணி நேரம் பேசினபோதே சொல்வதற்கென்ன என்று அப்போதும் விடாமல் கத்தினேன்.

"நீங்க அவ்ளோ ஆசையா சொல்லிக்கினு இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

நீ மட்டும்

ஞாபகம் வந்துவிட்டது. நெளிந்த சக்கரமும், அதற்குப் பதிலாக நான் மாட்டினதும், எல்லாமே. அன்றைக்குச் சைக்கிள் முழுக்க மழைச் சேறு அப்பியிருந்ததால் மாடலைக் கவனிக்காமலே மாட்டி அனுப்பியிருந்தேன். ஆனால் அது எனக்கும் சடையனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் என்னைத்தான் நம்பும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தோன்றியது. மூட்டைமேல் உட்கார்ந்து என் பிரசங்கத்தைக் கேட்ட மனுஷனை எதிரில் வைத்துக்கொண்டு அது முடியவில்லை.

ஆமாம், நான் மாட்டின சக்கரம்தான் என்று சொல்லிவிட்டு, சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் மாட்டுகிற கிராங்க்கின் உள்பக்கம் இருந்த கிரீஸ் அழுக்கை ஆணியால் சுரண்டினேன். அந்தக் காலத்து கிராங்க்கில் வருஷத்துக்கு ஓர் எழுத்து அடிப்பார்கள், அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். இதில் இருந்தது முப்பத்தெட்டாம் வருஷத்து எழுத்து. ஃபிரேம் நம்பரும் யுத்தத்துக்கு முந்தினதுதான். ஆக, துரை கொடுத்த சைக்கிள் சடையனுடையது. அதில் இருந்த பின் சக்கரம் மட்டும் கோதண்டத்தின் அப்பாவுடையது. இரண்டு பேர் சொன்னதும் அட்சரம் பிசகாத உண்மை. தப்பாகச் சொன்னது நான் ஒருத்தன்தான்.

கோதண்டம் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சடையனிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் கிடைக்கச் செய்துவிட்ட தோரணையில் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்பினேன். ஏட்டய்யா பேனாவைத் திறந்தார். திருடு போன சக்கரம் உன் கடைக்கு எப்படி வந்தது என்று அவர் இன்னும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவங்க ரெண்டு பேரும் வூட்டுக்குப் போவட்டும். நீ மட்டும் இங்க குந்து."

கடைசியாக ஒரு கேள்வி

பழைய இரும்புக் கடைக் குவியலில் எடுத்தது, திருட்டு என்று சத்தியமாகத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோதண்டமும் எனக்காகப் பேசினார். அதோடு விட்டார்கள். அப்பாவின் சக்கரத்தைக் கழற்றி கோதண்டம் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, பித்தளை வளையத்தைத் தடவியபடியே மரங்களைத் தாண்டி சங்கராபுரம் நோக்கி நடந்தார்.

சடையன் ஒற்றைச் சக்கரத்தோடு நின்றார். கடைக்கு ஓடிப்போய் ஒரு பின் சக்கரம் எடுத்துவந்து ஸ்டேஷன் வாசலிலேயே மாட்டினேன். கோட்டம் எடுத்து, காற்றடித்து, பிரேக் கட்டையும் புதுசாகப் போட்டு, இறக்கத்தில் கெட்டியாகப் பிடிக்கும் என்று சொன்னேன். பேசினது அவ்வளவுதான், மாடலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சடையன் அதற்குள் வாங்கிவந்திருந்த உப்பு மூட்டையை வைத்துக் கட்டினார். ஹேண்டிலைப் பிடித்தவர் கிளம்பாமல் குனிந்து புதுச் சக்கரத்தை ஒரு தடவை சுற்றிவிட்டுப் பார்த்தார்.

"அண்ணே, இது யாரு வூட்டுச் சக்கரம்? ஏட்டய்யா இருக்கும்போதே சொல்லிடுங்க."

அன்றிலிருந்து யார் வந்து பழைய சைக்கிளுக்கு வயசு கேட்டாலும், முன் சக்கரத்துக்கா, பின் சக்கரத்துக்கா, நடுவில் இருப்பதற்கா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.