ஒரு விசிலுக்கு நின்றவர்

என் நாத்தனாருக்கு ஆளை எடை போடத் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனுக்குக் கொடுக்கலாமா, பெண் கேட்டு வந்த இடம் தேறுமா, புதுப் பால்காரன் தண்ணீர் கலப்பானா, எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வருவார்கள். அவளும் வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லுவாள். பலித்ததை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள். பலிக்காததை நான் மட்டும் நினைவில் வைத்திருப்பேன். தம்பி பெண்டாட்டிக்கு வேறு என்ன வேலை?

எல்லோருக்கும் அவள் விசிலக்கா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய புருஷன் டிரைவர். கல்யாணப் புடவையின் மடிப்புக் கலைவதற்குள் மனுஷன் பஸ்ஸோடு பாலத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். வாரிசு வேலை என்று டிப்போவில் கூப்பிட்டு, தோல் பையும் டிக்கெட் கட்டும் விசிலும் கொடுத்தார்கள். அந்த டிப்போவில் அதற்கு முன்னால் பெண் கண்டக்டர் கிடையாது. கூட்டத்தில் வேண்டுமென்றே இடிப்பான் ஒருவன். படியில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுவான் இன்னொருவன். சில்லறை கேட்டால் பல்லை இளிப்பான் மற்றவன். முதல் வருஷம் முழுக்க அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தாள் என்று என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா தன் வாயால் சொன்னதில்லை.

அழுகையை நிறுத்தியது அந்த விசில்தான் என்று நினைக்கிறேன். ஒரு விசில் அடித்தால் அத்தனை பெரிய வண்டி நிற்கும். இரண்டு அடித்தால் கிளம்பும். புருஷனை விழுங்கிய வண்டி தன்னுடைய மூச்சுக்குக் கட்டுப்படுகிறதே என்று அவளுக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும். மற்றதையெல்லாம் கேலி செய்வேன், இதை மட்டும் செய்ய மாட்டேன்.

ஆளை எடை போடும் வித்தையும் பஸ்ஸில் படித்ததுதான். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பான். விசில் சத்தம் கேட்டதும் படியிலிருந்து உள்ளே ஏறிக்கொள்கிறவன் குடும்பத்துக்கு ஆவான். அதற்குப் பிறகும் தொங்குகிறவன் உருப்பட மாட்டான். "வாய் என்ன பேசுதுன்னு கேக்காதே. நிறுத்துன்னு சொன்னா என்ன பண்றான்னு பாரு" என்பாள். கேட்கிறவர்களுக்கு வேதவாக்கு மாதிரி இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு விசிலுக்கு வேலை இல்லாமல் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து, நகரசபைத் தேர்தலுக்கு நிற்கிறவர்களை ஒரே மேடையில் ஏற்றிக் கேள்வி கேட்பது என்று குடியிருப்போர் சங்கத்தார் முடிவு செய்தார்கள். கையில் மைக் கிடைத்த வேட்பாளர் லேசில் விடுவாரா? முதல் தடவை ஒருவரே கூட்டம் முடிகிறவரை பேசினார். மற்றவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று சங்கத்தார் விழித்தபோது யாரோ அக்காவைக் கைகாட்டினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் பள்ளிக்கூட ஹாலில், மேடை ஓரத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி. நேரம் முடிந்தால் ஒரு விசில், பேச்சை நிறுத்த வேண்டும். இரண்டு விசில் என்றால் அடுத்தவர் தொடங்கலாம். பஸ் சட்டம் அப்படியே மேடை ஏறிவிட்டது. கூட்டம் கலைந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, இவர்களில் யார் நல்லவன் என்று கேட்பார்கள். அவள் காட்டிய ஆளுக்கு எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் ஓட்டுப் போடும்.

போன தேர்தலில் கத்தி என் தலைக்கு மேலேயே தொங்கியது. நகரசபை மார்க்கெட்டில் நான் ஒரு தையல் கடை வைத்திருந்தேன். மிஷின் போட்டு நான் உட்கார்ந்துவிட்டால், துணி கொடுக்க வருகிறவர்கள் வெளியே நின்றுதான் பேச வேண்டும். மழை பெய்தால் தகரக் கூரை போடுகிற சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். வீட்டில் நான் யாருக்கோ பெண்டாட்டி, யாருக்கோ தம்பி பெண்டாட்டி. கடையில் டெய்லரம்மா. அந்தப் பெயரை நானே சம்பாதித்தேன். மார்க்கெட்டை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கண்ணாடிக் கதவு போட்ட இடத்தில் என்னை யார் உட்கார விடுவார்கள்? இடிக்க விடாத ஒரு கவுன்சிலர், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் காண்டிராக்டர். அவர் வரவில்லை, தன் படம் போட்ட தட்டியை மட்டும் அனுப்பியிருந்தார். அது வாயைத் திறக்காததால் அக்காவுக்கு அதன் மேல் புகார் எதுவும் இல்லை. இன்னொருவர் மருந்துக்கடைக்காரர், ஆளும் கட்சி. இளவயது. யார் எதிரில் வந்தாலும் எழுந்து நிற்பார். காய்ச்சல் மாத்திரை வாங்கப் போனால் வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். மூன்றாவது ஆள் குழாய் ரிப்பேர்காரர். கட்சி கிடையாது. பேச ஆரம்பித்தால் ஊர்ச் சாக்கடை மொத்தமும் அந்தப் பேச்சில் ஓடும்.

மார்க்கெட்டைப் பற்றிய கேள்வி என்னுடையதுதான். முதலில் மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

"உங்க சம்மதம் இல்லாம ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடமாட்டேன். நான் உங்க வீட்டுப் பிள்ளை. அந்தக் கடைக்காரங்களுக்கு ஒண்ணுன்னா நான் முத—"

விசில். 'முதல்' என்று முடிக்கக்கூட இல்லை, நிறுத்திவிட்டார். அக்கா பக்கம் திரும்பித் தலையைத் தாழ்த்தினார். மைக்கைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஹாலே கைதட்டியது. அவர் பேசியதற்கு அல்ல, நிறுத்தியதற்கு.

குழாய்க்காரர் தன் சந்துச் சாக்கடையில் ஆரம்பித்து, நாலு தெரு சுற்றி, நேரம் முடிகிற சமயத்தில்தான் மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தார். "அந்த மார்க்கெட்டுக்கு அடியில போன மாசம் குழாய் பதிச்சாங்களே, பதிச்சது யாரு? நான். அது எதுக்குன்னு கேட்டீங்கன்னா—"

விசில். அவர் நிறுத்தவில்லை. இருங்கம்மா, முடித்துவிடுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு மேலே பேசினார். அக்கா இன்னொரு தடவை ஊதினாள். அவர் அவள் பக்கம் திரும்பிப் பல் தெரியச் சிரித்தார்.

"ரெண்டு விசில் குடுத்தா வண்டி கிளம்பணும்தானே? இதோ, கிளம்பிட்டேன்."

சிரிப்பில் ஹால் இரண்டுபட்டது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அத்தனை வருஷ சர்வீஸில் எந்த டிரைவரும் அவளிடம் அப்படி ஒரு குறும்பு செய்ததில்லை. அவள் முகம் கறுத்தது. படியில் தொங்கிப் பாட்டுப் பாடியவன்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எதிரில் வந்து நின்ற மாதிரி அவரைப் பார்த்தாள். மைக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அணைத்தார்கள். அவர் வாய் கொஞ்ச நேரம் வெறுமனே அசைந்தது. அந்தக் குழாய் எதற்கு என்பது சிரிப்புச் சத்தத்தில் போய்விட்டது.

வெளியே வந்ததும் பெண்கள் கேட்டார்கள். மருந்துக்கடைத் தம்பிதான் என்றாள். அடக்கமான பிள்ளை, பெரியவர்கள் சொல்லுக்குக் கட்டுப்படுகிறவன், இவனை நம்பி வீட்டுச் சாவியையே கொடுக்கலாம் என்றாள். வழியில் நான் மெதுவாக, குழாய்க்காரர் என்னவோ சொல்ல வந்தாரே அக்கா என்று கேட்டேன்.

"ஒரு விசிலுக்கு நிக்காதவன் எதுக்கும் நிக்கமாட்டான்" என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கோபத்தில் பேசுகிறாள் என்று தெரிந்தாலும் தப்பு என்று படவில்லை. எங்கள் தெரு மொத்தமும் மருந்துக்கடைக்குப் போட்டது. அவர் ஜெயித்தார். ஜெயித்த அன்றைக்கே வீட்டுக்கு வந்து, அக்காவின் எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே நன்றி சொன்னார். பார்த்தாயா என்பது போல அக்கா என்னைப் பார்த்தாள்.

மார்க்கெட் தீர்மானம் நகரசபைக்கு வந்த நாளில் நாங்கள் இருவரும் போனோம். பொதுமக்கள் உட்காருகிற பெஞ்சில் கடைக்காரர்களெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தீர்மானத்தைப் படித்து முடித்ததும் எங்கள் கவுன்சிலர் எழுந்தார். பேசிவிடுவார், நம் பிள்ளை பேசிவிடும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

"தலைவர் அவர்களே, எங்க வார்டுல இருக்கற சின்னக் கடைக்காரங்க ரொம்ப—" என்று ஆரம்பித்தார்.

முன்வரிசையில் அவர் கட்சியின் பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். எங்கள் கவுன்சிலர் பாதிப் பேச்சில் நிறுத்தினார். அந்த முதுகைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். நாற்காலி சத்தம் போடாமல் உட்கார்ந்தார். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றபோது மற்றவர்களோடு சேர்ந்து தூக்கினார். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். எங்கள் சாது கடைசிவரை மிரளவே இல்லை. பக்கத்தில் அக்கா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்க்கெட்டில் தண்ணீர் இணைப்பைத் துண்டிக்க வந்தவர் குழாய்க்காரர்தான். கூலிக்கு வந்திருந்தார். அன்றைக்கு மேடையில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். குந்தி உட்கார்ந்து திருகிக்கொண்டே சொன்னார்.

"தேர்தலுக்கு முன்னாடியே வளாகத்துக்குக் குழாய் பதிச்சாச்சும்மா. அளவு கேக்க ஆளும் கட்சி ஆபீசுக்குப் போயிருந்தேன். பிளானை மேஜையில விரிச்சு வெச்சுப் பேசிட்டிருந்தாங்க. மருந்துக்கடைத் தம்பியும் இருந்தார். அவரை யாரும் உக்காரச் சொல்லலை. அதனால நின்னுட்டேயிருந்தார்."

குழாய்க்காரர் ஜெயித்திருந்தால் மட்டும் மார்க்கெட் நிலைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவரையும் யாராவது விலை பேசியிருக்கலாம். ஆனால் தெரிந்த ஒன்றை அன்றைக்கு அந்த ஹாலில் சொல்ல வந்தவர் அவர் ஒருத்தர்தான். ஒரு சிரிப்புக்காக அவர் வாயை அடைத்தாயிற்று. இதை நான் அக்காவிடம் சொன்னேன், அப்படியே, ஒன்றையும் பூசி மெழுகாமல். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

கடையைக் காலி செய்கிற நாளில் ஆள் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் அன்றைக்கே காலி செய்ய வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூரில் இருந்தார். அக்காதான் கூட வந்தாள். துணிகளை மூட்டை கட்டிவிட்டோம். காலால் மிதிக்கிற பழைய இரும்பு மிஷின், அதைத்தான் அசைக்க முடியவில்லை. வண்டி வெளி கேட்டில் நின்றது. வரிசையாக ஒவ்வொரு கடையிலும் ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்த கவுன்சிலர் எங்களைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"விடுங்கக்கா, நான் தூக்கறேன். உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

நிஜமாகவே தூக்கினார். வெள்ளைச் சட்டையில் மிஷின் எண்ணெய் அப்பிக்கொண்டதைக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவரை வெறுக்கக்கூட முடியவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"வெச்சுடு" என்றாள் அக்கா.

உடனே வைத்துவிட்டார்.

"அவங்க சொன்னாலும் கேக்கற. நான் சொன்னாலும் கேக்கற. உனக்குன்னு ஒண்ணும் கிடையாதா தம்பி?"

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், அவள் அடுத்து ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தார். போ என்றாள். போனார். அடுத்த கடையில் அலமாரியை இறக்க உதவி செய்தார்.

மிஷினை நாங்களே தூக்கினோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள். கேட்டுக்குப் பாதி வழியில் அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இறக்கி வைத்தோம். மிஷின் பலகையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"என்னைத் திட்டிடும்மா. வாயில வந்தபடி திட்டிடு."

நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் திட்டவில்லை. திட்டிவிட்டால் அவளுக்கு மனசு ஆறிவிடும். தூக்குங்கள் என்று மட்டும் சொன்னேன்.