மூன்றாம் காப்பியில் பதிந்த நாமம்

நான் சிறுமியாக இருந்தபோது திருவள்ளூரில் என் நைனா சின்ன அச்சகம் வைத்திருந்தார். ஊருக்கு வெளியே புதிதாக வந்த தொழிற்சாலையில் சலான் புத்தகத்துக்கு ஆர்டர் கேட்டிருந்தார். அது கிடைக்காவிட்டால் அச்சகத்தை மூடிவிட்டுப் பட்டணத்துக்கு வேலைக்குப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது.

அங்கே சரக்கு வெளியே போனால் சலானை மூன்று காப்பி எழுத வேண்டும். தாளுக்குத் தாள் கார்பன் வைத்து எழுதுகிறவர்கள் கையெல்லாம் மை. கார்பன் இல்லாமலே அடித்தாளில் எழுத்து பதியும் புதுத் தாள் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, நைனா கொஞ்சம் வாங்கி மாதிரிக் கட்டு ஒன்று அச்சடித்தார். பெருமாள் படத்தடியில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா தினமும் விளக்கேற்றியதும் ஸ்ரீராமஜெயம் எழுதுவாள். அன்று ஆர்டருக்காகவே வேண்டிக்கொண்டு, அந்தக் கட்டை மடியில் வைத்து, மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு அழுத்தி அழுத்தி எழுதினாள்.

மறுநாள் நைனா என்னையும் சைக்கிளில் கூட்டிப் போனார். தொழிற்சாலை ஸ்டோர்காரர் முதல் தாளில் ஏதோ எழுதிப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் புரட்டினார். அவர் எழுத்தைச் சுற்றி வரிவரியாக ஸ்ரீராமஜெயம். மூன்றாவதிலும் அப்படியே.

"இன்னாபா, சாமி பேர்லயே சரக்கு அனுப்பச் சொல்றியா?" என்று சிரித்தார். பிறகு யோசித்தார். "நம்ம பசங்க இதும்மேல இன்னொரு சீட்ட வெச்சி எழுதுவானுங்க. கேட்ல எது எந்தக் கணக்குன்னு எவன் பாக்கறது? பேஜாரு. கை கறுத்தாலும் கார்பனே இருக்கட்டும். அதுக்கு எங்க பழைய பிரெஸ்காரரே கீறாரு."

நைனா நாமம் பதிந்த தாள்களைக் கண்ணில் ஒற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"இன்னா சொன்னாங்க?" என்று அம்மா வாசலிலேயே கேட்டாள்.

"அவங்களுக்கு கார்பனே போதுமாம்."

"நான் எழுதனது பத்தல போல" என்றாள் அம்மா. அன்றிலிருந்து ஒரு பக்கம் கூடுதலாக எழுதினாள்.

அச்சகம் மூடியது. நைனா தினமும் பட்டணத்துக்கு ரயிலேறினார். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வழவழவென்று ஓர் எழுதுபலகை வாங்கி வந்தார். "இனிமே இதும்மேல வெச்சி எழுது. குனிஞ்சி குனிஞ்சி முதுகு வலிக்குதுன்னியே" என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு நைனா மேல் கோபமாக வந்தது. நடந்ததை ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, இதற்குப் போய்ப் பலகை எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.